வீட்டில் செய்யும் ஹெட்போன் பெருக்கியில் மின்தேக்கித் தேர்வு: ஒரு திறனாய்வு

ஹெட்போன் பெருக்கி என்பது கைப்பேசி, கணினி போன்றவற்றிலிருந்து வரும் ஒலிச் சிக்னலை, ஹெட்போனை நன்கு இயக்கும் அளவுக்கு வலுப்படுத்தும் சிறிய மின்னணுச் சுற்று ஆகும். மின்னணுவியல் பயிலும் மாணவர்களும், பொழுதுபோக்காகச் சுற்றுகளை அமைப்போரும் முதலில் கையில் எடுக்கும் வேலைகளுள் இதுவும் ஒன்று. ஒரு ஐசி, ஒன்பது பத்து மின்தடைகள், நான்கைந்து மின்தேக்கிகள், ஒரு 9 வோல்ட் பேட்டரி ஆகியவை இருந்தால் விடுமுறை நாள் ஒன்றில் முடித்துவிடலாம். இத்தனை சிறிய சுற்றில் மிக அதிகமாகப் பேசப்படும் பாகம் மின்தேக்கிதான். எந்தப் பொருளால் ஆனது நல்லது, எந்த நிறுவனத்தினுடையது 'இனிமையாக' ஒலிக்கும், எது 'வறட்சியாக' ஒலிக்கும் என்ற அறிவுரைகளுக்குக் குறைவே இல்லை. அவற்றுள் பெரும்பாலானவற்றுக்கு ஒரே குறை உண்டு. எந்த மின்தேக்கி என்று சொல்கின்றன. சுற்றில் அது எங்கே இருக்கிறது, அங்கே அதன் இரு முனைகளுக்கிடையே எவ்வளவு மின்னழுத்தம் நிற்கிறது என்று கேட்பதில்லை. இக்கட்டுரை அந்த அறிவுரை மரபை, பலரும் செய்து பார்த்துள்ள 'சீமோய்' பெருக்கியை எடுத்துக்காட்டாகக் கொண்டு ஆராய்கிறது.

சீமோய் சுற்று

சூ மோய் என்பவர் 1990-களின் பிற்பகுதியில் 'ஹெட்வைஸ்' என்ற இணையத்தளத்தில் வெளியிட்ட சட்டைப்பை அளவிலான பெருக்கி, அவர் பெயராலேயே சீமோய் என்று வழங்கலாயிற்று. ஆல்டாய்ட்ஸ் மிட்டாய் வரும் தகரப் பெட்டிக்குள் இதை அடக்குவது பின்னர் ஒரு வழக்கமாகவே ஆகிவிட்டது. சுற்று மிக எளியது. பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு செயல்பாட்டுப் பெருக்கிகள். ஓபிஏ2134 போன்ற ஒரே ஐசிக்குள் இரண்டும் கிடைக்கும். ஒவ்வொரு பக்கத்திலும் சிக்னல் 0.1 மைக்ரோஃபாரட் பிணைப்பு மின்தேக்கி வழியாக நுழைகிறது. அதை அடுத்து 100 கிலோ ஓம் மின்தடை ஒன்று நடுப்புள்ளிக்குச் செல்கிறது. பின்னூட்டத்தில் உள்ள 10 கிலோ ஓம், 1 கிலோ ஓம் மின்தடைகள் 11 மடங்கு பெருக்கத்தைத் தருகின்றன.

பேட்டரி ஒன்றே என்பதால், அதன் 9 வோல்ட்டை மேலே 4.5, கீழே 4.5 என்று இரண்டாகப் பிரிக்க வேண்டும். பரவலாகப் பின்பற்றப்படும் வடிவில் இரண்டு 4.7 கிலோ ஓம் மின்தடைகளும் இரண்டு 220 மைக்ரோஃபாரட் மின்பகு மின்தேக்கிகளும் இப்பணியைச் செய்கின்றன. இவை சந்திக்கும் இடமே நடுப்புள்ளி. ஹெட்போனின் பொதுக் கம்பி இங்குதான் இணைகிறது.

ஆக, இச்சுற்றில் முக்கியமான மின்தேக்கிகள் நான்கே நான்கு: உள்ளீட்டில் இரண்டு, மின்வழங்கலில் இரண்டு.

பொருள்வாரித் தரவரிசை வந்த வழி

மின்தேக்கியை அதன் பொருளை வைத்துத் தரம் பிரிக்கும் போக்குக்கு மூலமாக அமைந்தவற்றுள் முதன்மையானது, வால்ட் ஜங், ரிச்சர்ட் மார்ஷ் ஆகிய இருவரும் அமெரிக்காவின் 'ஆடியோ' இதழில் 1980 பிப்ரவரி, மார்ச் மாதங்களில் எழுதிய கட்டுரை ஆகும். அதன் சிறப்பைக் குறைத்துச் சொல்வது நியாயமாகாது. மின்தேக்கி என்றால் மைக்ரோஃபாரட் மதிப்பும் தாங்கும் மின்னழுத்தமும் மட்டுமே என்றிருந்த வாசகருக்கு, உள்ளே இருக்கும் மின்காப்புப் பொருளுக்கும் ஒரு குணம் உண்டு என்று அது காட்டியது. இழப்புக் காரணி, மின்காப்பு உறிஞ்சல் ஆகிய இரண்டையும் அளவுகோல்களாக முன்வைத்தது. பாலிஸ்டைரீன், பாலிப்ரொப்பிலீன், டெஃப்லான் ஆகியவை மேல்நிலையிலும், டான்டலம், சிலவகைச் செராமிக் ஆகியவை கீழ்நிலையிலும் வைக்கப்பட்டன.

இதில் மின்காப்பு உறிஞ்சல் என்பது சற்று விளக்கம் வேண்டுவது. மின்னேற்றம் பெற்ற மின்தேக்கியின் முனைகளைச் சிறிது நேரம் குறுக்கிணைத்து விட்டுவிட்டால், சற்றுப் பொறுத்து அதில் மீண்டும் சிறிது மின்னழுத்தம் தலைகாட்டும். பிழிந்த துணியிலிருந்து மறுபடி ஈரம் கசிவது போன்றது இது. அமெரிக்கப் பொறியாளர் பாப் பீஸ் 1982-இல் 'ஈடிஎன்' இதழில் எழுதிய கட்டுரையில், இந்த விளைவை முதன்மை மின்தேக்கிக்குப் பக்க இணைப்பில் சில மின்தடை, மின்தேக்கித் தொடர்களைச் சேர்த்து மாதிரிப்படுத்திக் காட்டினார். ஒரு மின்னழுத்தத்தைப் பிடித்து வைத்து அளக்கும் கருவிகளில் இது பெரும் பிழையை உண்டாக்கும் என்பதே அவருடைய கவலை. அந்த மாதிரியிலேயே ஹெட்போன் பெருக்கிக்கான விடையும் இருக்கிறது. சாதாரண மின்தடைகளாலும் மின்தேக்கிகளாலும் போலச்செய்யக்கூடிய ஒரு விளைவு, சிக்னலில் இல்லாத புதிய அதிர்வெண்களைப் பிறப்பிக்காது. பிணைப்பு மின்தேக்கியாகப் பயன்படும்போது, மிகத் தாழ்ந்த அதிர்வெண்களில் அளவை மிக நுண்ணிய அளவில் மாற்றுவதோடு அதன் வேலை முடிந்துவிடுகிறது. ஜங்கும் மார்ஷும் உறிஞ்சலுக்குக் கொடுத்த இடம் அதன் தகுதிக்கு மிஞ்சியது என்றே சொல்ல வேண்டும்.

இருபது ஆண்டுகளுக்குப் பின், 2002, 2003-ஆம் ஆண்டுகளில், சிரில் பேட்மன் பிரித்தானியாவின் 'எலெக்ட்ரானிக்ஸ் வேர்ல்ட்' இதழில் ஒரு தொடர் எழுதினார். இவர் செய்தது வேறு வகை வேலை. மிகக் குறைந்த திரிபுள்ள அலையியற்றியைத் தாமே அமைத்து, பலவகை மின்தேக்கிகள் உண்டாக்கும் திரிபை அளந்தார். உயர் மின்காப்பு எண் கொண்ட செராமிக் வகைகள் தெளிவாகத் திரிக்கின்றன. சி0ஜி செராமிக்கும் பாலிப்ரொப்பிலீனும் மிகத் தூய்மையானவை. பாலியெஸ்டர் இடைப்பட்டது, அதிலும் ஒன்றுக்கொன்று வேறுபாடு உண்டு. மின்பகு வகையில் முனைவற்றது முனையுள்ளதைவிட மேலானது. இவை அளந்து பெற்ற முடிவுகள். ஆனால் இவற்றை எடுத்தாண்டவர்கள் ஒன்றை விட்டுவிட்டனர். திரிபை அளக்க வேண்டுமானால் மின்தேக்கியின் முனைகளுக்கிடையே போதிய மாறுதிசை மின்னழுத்தத்தைக் கொடுத்தாக வேண்டும். பெருக்கியில் இருக்கும் பிணைப்பு மின்தேக்கி அவ்வளவு மின்னழுத்தத்தைச் சந்திக்கிறதா என்பது தனிக் கேள்வி. பேட்மனின் அளவீட்டில் பிழையில்லை. அளவீட்டின் சூழலைக் கழித்துவிட்டு, பொருள்களின் பெயர்ப் பட்டியலை மட்டும் எடுத்துக்கொண்டதுதான் பிழை.

உள்ளீட்டு மின்தேக்கி: பொருளா, மதிப்பா?

இக்கேள்விக்கு விடை காணப் பன்னிரண்டாம் வகுப்பு இயற்பியலே போதும். மின்தேக்கியின் மின்மறுப்பு, அதிர்வெண்ணையும் மின்தேக்குத்திறனையும் இரண்டு பையையும் பெருக்கி வரும் எண்ணின் தலைகீழ் ஆகும். சீமோயின் 0.1 மைக்ரோஃபாரட் மின்தேக்கிக்கு 1,000 ஹெர்ட்ஸில் இது ஏறக்குறைய 1.6 கிலோ ஓம். அதை அடுத்திருக்கும் மின்தடையோ 100 கிலோ ஓம். எனவே சிக்னலில் நூற்றுக்கு 1.6 பங்குதான் மின்தேக்கியின் முனைகளுக்கிடையே நிற்கும். தன்மேல் ஏறக்குறைய எதுவுமே விழாத பாகம், எதைப் பெரிதாகத் திரித்துவிட முடியும்? குரல், வயலின், நாகசுரம் முதலியவற்றின் ஒலி பெரும்பாலும் இருக்கும் பகுதியில் இந்த மின்தேக்கியின் பொருள் என்ன என்பது பொருட்டே அல்ல.

அதிர்வெண் இறங்க இறங்கக் கதை மாறுகிறது. 50 ஹெர்ட்ஸில் மின்மறுப்பு 32 கிலோ ஓம். சிக்னலில் 30 விழுக்காடு மின்தேக்கியின்மேல் விழுகிறது. 20 ஹெர்ட்ஸில் 80 கிலோ ஓம், 62 விழுக்காடு. மின்தேக்கியின் குணம் வெளிப்படுவது இங்கேதான். அதே 20 ஹெர்ட்ஸில் ஒலியின் அளவும் 2 டெசிபெல் குறைந்துவிடுகிறது. இச்சுற்றின் கீழ் வெட்டு அதிர்வெண் 16 ஹெர்ட்ஸ் என்பதன் நேரடி விளைவு இது.

இப்போது 0.1-க்குப் பதிலாக 1 மைக்ரோஃபாரட் போட்டால் என்ன ஆகும்? வெட்டு அதிர்வெண் 1.6 ஹெர்ட்ஸுக்கு இறங்குகிறது. 20 ஹெர்ட்ஸில் மின்தேக்கியின்மேல் விழும் பங்கு 62-லிருந்து 8 விழுக்காடாகக் குறைகிறது. அதாவது, மலிவான 1 மைக்ரோஃபாரட் பாலியெஸ்டர் மின்தேக்கி, விலையுயர்ந்த 0.1 மைக்ரோஃபாரட் பாலிப்ரொப்பிலீன் செய்ய முடியாததைச் செய்கிறது. தாழ்ந்த சுருதி குறையாமல் காப்பதோடு, தன் குணம் சிக்னலில் கலக்க வாய்ப்பில்லாமலும் செய்துவிடுகிறது. பொருளை மாற்றுவதைவிட மதிப்பைக் கூட்டுவது மேல்.

பெயரை வெளியிடாத பொறியாளர் ஒருவர் 2011-இல் வெளியிட்ட 'ஓ2' பெருக்கியில் இந்த வழியே கையாளப்பட்டுள்ளது. அதில் பிணைப்பு மின்தேக்கி 2.2 மைக்ரோஃபாரட் பாலியெஸ்டர். அடுத்திருக்கும் மின்தடை ஏறக்குறைய 40 கிலோ ஓம். வெட்டு அதிர்வெண் 1.8 ஹெர்ட்ஸ். விலையுயர்ந்த வகையை நாடாமல், வேண்டிய அளவுக்குப் பெரிய சாதாரண வகையை எடுத்து, முடிவை அளவீட்டால் காட்டியிருக்கிறார். மின்தேக்கியை வைத்த இடமும் கவனிக்கத்தக்கது. நுழைவாயிலில் வைக்காமல், ஒலியளவுக் குமிழுக்கு அப்பால், வெளியீட்டு நிலைக்கு முன்னால் வைத்துள்ளார். இதனால் வெளியிலிருந்து வரும் நேர்திசை மின்னழுத்தத்தோடு, முதல் நிலையில் பிறப்பதும் அங்கேயே தடுக்கப்படுகிறது.

கவனிக்கப்படாத நடுப்புள்ளி

உள்ளீட்டு மின்தேக்கிக்குப் பக்கம் பக்கமாக விளக்கம் எழுதும் வழிகாட்டிகள், மின்வழங்கலில் உள்ள இரண்டு 220 மைக்ரோஃபாரட்களை 'கிடைத்ததைப் போடலாம்' என்று ஒரே வரியில் கடந்துவிடுவது விந்தைதான். ஹெட்போனுக்குள் பாயும் மின்னோட்டம் முழுவதும் இவ்விரண்டின் வழியாகத்தான் பேட்டரிக்குத் திரும்புகிறது. சிக்னலைப் பொறுத்தவரை இரண்டும் பக்க இணைப்பில் உள்ளவை. கூட்டு மதிப்பு 440 மைக்ரோஃபாரட். 20 ஹெர்ட்ஸில் இதன் மின்மறுப்பு 18 ஓம். ஹெட்போனே 32 ஓம்தான் என்னும்போது 18 ஓம் என்பது சிறிய எண் அன்று.

இதனால் தாழ்ந்த ஒலிகள் குறையும் என்று சிலர் எழுதுகின்றனர். அது சரியன்று. பின்னூட்டமும் உள்ளீடும் ஹெட்போனும் ஒரே நடுப்புள்ளியைச் சார்ந்திருப்பதால், நடுப்புள்ளி அசைந்தாலும் ஹெட்போனுக்குக் கிடைக்கும் மின்னழுத்தத்தைப் பெருக்கி சரியாகவே வைத்திருக்கும். வீணாவது வேறொன்று. இரு பக்கமும் சேர்ந்து உச்சத்தில் 40 மில்லிஆம்பியர் கேட்கும் முரசொலி ஒன்று வந்தால், நடுப்புள்ளி தன் இடத்திலிருந்து 0.7 வோல்ட் அளவுக்கு நகரும். மேலும் கீழும் 4.5 வோல்ட்டே உள்ள சுற்றில், ஐசி தன் பங்குக்கு ஒரு வோல்ட்டுக்கு மேல் எடுத்துக்கொண்ட பிறகு, இந்த 0.7 வோல்ட் இழப்பு பெரியது. பேட்டரி தளர்ந்திருக்கும் வேளையில் அலையின் தலை வெட்டுப்படுவது இதனால் முன்கூட்டியே நேரும். 220-ஐ 470 ஆக்கினால் நகர்வு பாதியாகிறது. இதற்கு ஆகும் கூடுதல் செலவு சில ரூபாய்.

தாங்கும் மின்னழுத்தத்திலும் இங்கே ஒரு நுட்பம் உண்டு. ஒவ்வொரு மின்தேக்கியின்மேலும் இருப்பது 4.5 வோல்ட்தானே என்று 6.3 வோல்ட் வகையைப் பொருத்தக் கூடாது. ஏதேனும் கோளாறால் நடுப்புள்ளி ஒரு பக்கம் சாய்ந்தால், மறுபக்கத்து மின்தேக்கி 9 வோல்ட் முழுவதையும் தாங்க நேரிடும். 16 வோல்ட் வகையே முறையானது. 18 வோல்ட் அடாப்டரில் இயக்குவோர் 25 வோல்ட் வகையைக் கொள்ள வேண்டும்.

இந்த மின்பகு மின்தேக்கிக்குப் பக்கத்தில் 0.1 மைக்ரோஃபாரட் பிலிம் மின்தேக்கி ஒன்றை இணைத்தால் ஒலி 'திறந்துகொள்ளும்' என்பது அடிக்கடி காணப்படும் மற்றோர் அறிவுரை. 20,000 ஹெர்ட்ஸில்கூட அந்தச் சிறிய மின்தேக்கியின் மின்மறுப்பு 80 ஓம். பெரியதன் எதிர்ப்போ ஒரு ஓம் அளவிலோ அதற்குக் கீழோ இருக்கும். சிறியதன் வழியே செல்ல மின்னோட்டத்துக்குக் காரணமே இல்லை. ஐசியின் மின்வழங்கல் கால்களை ஒட்டி 0.1 மைக்ரோஃபாரட் வைப்பது நல்ல பழக்கம்தான். ஆனால் அது காதுக்கு எட்டாத உயர் அதிர்வெண்களில் ஐசி தானே அலைவுறாமல் இருப்பதற்காக. அதற்குச் சாதாரண எக்ஸ்7ஆர் செராமிக் போதும். சிக்னல் பாதையில் தவிர்க்க வேண்டிய அதே எக்ஸ்7ஆர், இவ்விடத்துக்கு மிகப் பொருத்தமானது. பொருளுக்கென்று தனியாக உயர்வும் தாழ்வும் இல்லை என்பதற்கு இதைவிட எளிய சான்று வேண்டியதில்லை.

வெளியீட்டில் மின்தேக்கி உள்ள சுற்றுகள்

சீமோயில் வெளியீட்டு மின்தேக்கி கிடையாது. நடுப்புள்ளியை ஹெட்போனுக்குத் தராமல், பேட்டரியின் எதிர்முனையையே பொதுவாகக் கொள்ளும் சுற்றுகளில் அது கட்டாயம். விலை குறைந்த கிட்டுகள் பலவற்றில் அங்கே 100 அல்லது 220 மைக்ரோஃபாரட் இருக்கும். 32 ஓம் ஹெட்போனுக்கு 100 மைக்ரோஃபாரட் என்றால் வெட்டு அதிர்வெண் 50 ஹெர்ட்ஸ். 220 என்றால் 23 ஹெர்ட்ஸ். மிருதங்கத்தின் தொப்பியும் தவிலின் அடியும் மெலிந்து கேட்பதாகக் குறைப்படுவோர் முதலில் பார்க்க வேண்டிய இடம் இது. 1,000 மைக்ரோஃபாரட் இட்டால் 5 ஹெர்ட்ஸுக்கு இறங்கும். 300 ஓம் ஹெட்போன் வைத்திருப்பவருக்கு 220-லேயே 2.4 ஹெர்ட்ஸ் கிடைத்துவிடுவதால் அவர் எதையும் மாற்ற வேண்டியதில்லை. இந்த அளவுக்குப் பிலிம் வகை தேடுவது வீண். அது தகரப் பெட்டியைவிடப் பெரிதாக இருக்கும். சுவிட்சைப் போட்டதும் இம்மின்தேக்கி ஹெட்போன் வழியாகவே மின்னேற்றம் பெறுவதால் 'டப்' என்ற ஓசை எழும். ஹெட்போனைக் காதில் மாட்டிக்கொண்டு சுவிட்ச் போடக் கூடாது.

கேட்டுப் பார்த்ததாகச் சொல்லப்படுபவை

மின்தேக்கியை மாற்றியதும் ஒலி மாறியது என்று சொல்வோர் எல்லாரும் கற்பனையில் சொல்கிறார்கள் என்று ஒதுக்கிவிட முடியாது. 0.1 மைக்ரோஃபாரட்டைக் கழற்றிவிட்டு, கடையில் கிடைத்த 0.47 மைக்ரோஃபாரட் பாலிப்ரொப்பிலீனைப் பொருத்தியவர், 20 ஹெர்ட்ஸில் இழந்திருந்த 2 டெசிபெல்லை ஏறக்குறைய முழுவதுமாக மீட்டுவிடுகிறார். நல்ல ஹெட்போனில் தாழ்ந்த ஒலி செறிவான இசையைக் கேட்டால் வேறுபாடு புலப்படவே செய்யும். ஆனால் அதற்குரிய பெருமை மைக்ரோஃபாரட் எண்ணுக்குச் சேர வேண்டியது. பாலிப்ரொப்பிலீனுக்கும் அதன்மேல் அச்சிட்ட நிறுவனப் பெயருக்கும் சேர்ந்துவிடுகிறது. அதைப் படிக்கும் அடுத்தவர் அதே நிறுவனத்தின் 0.1 மைக்ரோஃபாரட்டைத் தேடி வாங்குகிறார்.

பழையதைக் கழற்றிப் புதியதைப் பற்றவைக்கக் குறைந்தது கால் மணி நேரம் ஆகும். அதற்குள் முன்பு கேட்ட ஒலியின் நுண்மை நினைவில் நிற்காது. செய்தவருக்கே எது எது என்று தெரியும் என்பதால் எதிர்பார்ப்பும் கலந்துவிடுகிறது. இரு மின்தேக்கிகளையும் ஒரு சுவிட்சில் இணைத்து, எது எந்தப் பக்கம் என்று தெரியாதபடி நண்பர் ஒருவரை மாற்றச் சொல்லி இருபது முறை குறித்துப் பார்ப்பது கடினமான வேலை அன்று. இவ்வகை அறிவுரை நூறு வழங்குவோருள் இதைச் செய்தவர் அரிது. புதிய மின்தேக்கி நூறு மணி நேரம் ஓடிய பிறகே 'பழகும்' என்ற கூற்றும் இத்தகையதே. மின்தேக்கி பழகுவதைவிட, அவ்வளவு நேரம் கேட்டவரின் காது பழகிவிடுவதற்கே வாய்ப்பு அதிகம்.

நேர்திசை மின்னழுத்தமும் ஹெட்போனின் பாதுகாப்பும்

பிணைப்பு மின்தேக்கியே ஒலியைக் கெடுக்கிறது, அதை எடுத்துவிட்டுக் கம்பியால் இணைப்பதே தூய்மை என்ற வாதமும் உண்டு. மேலே கூறிய அறிவுரைகளுள் உண்மையில் கேடு விளைவிக்கக்கூடியது இது ஒன்றே. கைப்பேசியிலிருந்தோ வேறு கருவியிலிருந்தோ 20 மில்லிவோல்ட் நேர்திசை மின்னழுத்தம் கசிகிறது எனக் கொள்வோம். மின்தேக்கி இல்லாத சீமோய் அதையும் 11 மடங்காக்கி 220 மில்லிவோல்ட்டாக வெளியிடும். 32 ஓம் ஹெட்போனில் இது ஏறக்குறைய 7 மில்லிஆம்பியர் நிலையான மின்னோட்டம். ஒலி எதுவும் இல்லாதபோதும் அதிரும் தகடு ஒரு பக்கம் தள்ளப்பட்டே நிற்கும். நடுப்புள்ளியை அமைக்கும் இரு 4.7 கிலோ ஓம் மின்தடைகள் தாங்கக்கூடியதோ 2 மில்லிஆம்பியருக்கும் குறைவு. எனவே நடுப்புள்ளி நடுவில் நிற்காது. பெருக்கி கரகரக்கும், பழி ஐசியின் மேல் விழும்.

ஐசியை மாற்றுவோருக்கும் இதில் ஒரு கண்ணி உண்டு. ஓபிஏ2134-இன் உள்ளீட்டில் பாயும் மின்னோட்டம் பொருட்படுத்தத் தேவையில்லாத அளவு சிறியது. அதன் இடத்தில் எளிதில் கிடைக்கும் என்ஈ5532-ஐப் பொருத்தினால், சாதாரணமாக 200 நானோஆம்பியர் அந்த 100 கிலோ ஓம் மின்தடையில் பாய்ந்து 20 மில்லிவோல்ட்டை அங்கேயே உண்டாக்கிவிடும். வெளியே இருக்கும் எந்த உயர்தரப் பிணைப்பு மின்தேக்கியாலும் இதைத் தடுக்க முடியாது. ஏனெனில் இது அதற்கு உள்ளே பிறக்கிறது. இதற்குத் தீர்வு 100 கிலோ ஓமை 10 கிலோ ஓமாகக் குறைப்பது. அப்படிக் குறைத்தால் பிணைப்பு மின்தேக்கியைப் பத்து மடங்கு கூட்ட வேண்டும். 1 மைக்ரோஃபாரட் இருந்தால் பழைய 16 ஹெர்ட்ஸ் நிலை. நல்ல தாழ்வொலி வேண்டுமானால் 4.7 அல்லது 10 மைக்ரோஃபாரட். அந்த மதிப்பில் முனைவற்ற மின்பகு மின்தேக்கியைத் தயங்காமல் பயன்படுத்தலாம். அதன்மேல் விழும் சிக்னல் மிகக் குறைவாகவே இருக்கும்.

பெருக்கி முடிந்ததும் ஹெட்போனைச் செருகுவதற்கு முன், பாட்டு எதுவும் ஓடாத நிலையில், வெளியீட்டுக்கும் நடுப்புள்ளிக்கும் இடையே மல்டிமீட்டரின் நேர்திசை மில்லிவோல்ட் அளவில் இரு பக்கமும் அளக்க வேண்டும். முதலில் உள்ளீட்டில் எதுவும் செருகாமல் ஒரு முறை. பின்னர் கைப்பேசியை இணைத்து ஒரு முறை. ஓபிஏ2134 உள்ள சீமோயில் இரண்டு அளவீடுகளும் பெரும்பாலும் சில மில்லிவோல்ட்டுக்குள் ஒன்றாகவே இருக்கும். கைப்பேசியை இணைத்ததும் எண் ஏறினால் உள்ளீட்டு மின்தேக்கி கசிகிறது அல்லது குறுக்கிணைந்துள்ளது. இரண்டிலும் ஒரேபோல் உயர்ந்திருந்தால் மின்தேக்கியைக் கழற்ற வேண்டாம்; ஐசியையும் அதன் உள்ளீட்டு மின்தடையையும் பார்க்க வேண்டும்.